வில்லியம் லைட்: அடிலெய்டு நகரை அளந்த படைவீரரின் ஓவியக் கண்

தென்திசை எழுதியது:

தென் ஆஸ்திரேலியாவின் முதல் தலைமை நில அளவையரான கர்னல் வில்லியம் லைட் 1839 அக்டோபர் 6ஆம் நாள் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 53. பதவியைத் துறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. கையில் பணமில்லை, அதே ஆண்டு தொடக்கத்தில் நேர்ந்த தீ விபத்தில் அவருடைய குறிப்பேடுகளும் ஓவியங்களும் பெரும்பகுதி எரிந்துபோயிருந்தன. ஆனால் அவர் முளையடித்து வகுத்த அடிலெய்டு நகரத்தின் அமைப்பு இன்றும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. நகரைச் சுற்றிலும் பூங்கா நிலம், நடுவில் சதுக்கங்கள், டாரன்ஸ் ஆற்றின் இரண்டு கரைகளிலும் இரண்டு குடியிருப்புப் பகுதிகள் என்று அந்த வரைபடத்தை இப்போதும் காலால் நடந்து சரிபார்க்கலாம். 2008இல் அது ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இந்த இழையைத் தொடங்கக் காரணம், லைட்டைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டு தனி மனிதர்களைப் பேசுவதுபோலப் பேசுவதுதான். கலை வரலாறு எழுதுவோர் சிசிலியையும் இத்தாலியின் பண்டைய நகரமான பாம்பேயையும் வரைந்த ஓவியரைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். நகர வரலாறு எழுதுவோர் 1837இன் அளவைப் பணியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். என் கருத்து, அடிலெய்டின் இடத்தேர்வையும் அமைப்பையும் விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அவர் படையில் கற்றுக்கொண்ட பார்வையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1814இல் தெற்குப் பிரான்சில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படை முன்னேறிக்கொண்டிருந்தது. எதிரே நிற்பது பிரெஞ்சுக்காரர்களின் சிறு காவல் அணியா, பின்னால் பெரும்படை மறைந்திருக்கிறதா என்று தெரியவில்லை. லைட் தனியாகக் குதிரையில் எதிரியின் முன்னணி வீரர்களுக்கு நடுவே பாய்ந்தார். குண்டடிபட்டவர்போலக் கடிவாளத்தை நழுவவிட்டுக் குதிரையின் முதுகில் பின்புறமாகச் சாய்ந்துகொண்டார். செத்தவன் என்று எண்ணி அவர்கள் சுடுவதை நிறுத்தினார்கள். அப்படியே அவர்களைக் கடந்து மறுபுறம் போனதும் நிமிர்ந்து, பிரெஞ்சுப் படையின் வரிசையை ஒட்டிக் குதிரையை விரட்டியபடியே அணிகளை எண்ணி, பின்னால் பெரிய படை எதுவும் இல்லை என்ற செய்தியோடு திரும்பி வந்து சேர்ந்தார். அந்தப் போரின் வரலாற்றை எழுதிய நேப்பியர் இதைப் பதிவு செய்யும்போது, லைட்டை ஓவியர், இசைக்கலைஞர், இயந்திரங்கள் அறிந்தவர், மாலுமி, படைவீரர் என்று அடுக்கிச் சொல்கிறார். ஐந்தும் வெறும் புகழ்ச்சியல்ல. ஐந்தையும் அவர் உண்மையிலேயே செய்தார்.

ஜார்ஜ்டவுன்காரன் எழுதியது:

பினாங்கில் இருப்பவன் என்பதால் பிறப்பு வளர்ப்பைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். லைட் பிறந்தது 1786இல், கெடாவின் ஆற்றுமுகமான கோலக் கெடாவில். அதே ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள்தான் அவருடைய தந்தை ஃபிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். தாய் மார்ட்டினா ரோசெல்ஸ் போர்த்துகீசியக் கலப்பில் பிறந்த கத்தோலிக்கப் பெண். மகனுக்கு ஆறு வயதானபோது அவனை இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்தின் தீபர்ட்டன் ஊரிலிருந்த குடும்ப நண்பர்களிடம் வளர அனுப்பிவிட்டார்கள். தந்தை 1794இல் பினாங்கிலேயே மலேரியாவில் இறந்துபோனார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவர் எழுதிவைத்த சொத்து, கூட்டாளிகள் கையில் சிக்கிக் கரைந்தது. 13 வயதில் கடற்படையில் சேர்ந்த லைட், அதை விட்டு விலகி 1808இல் குதிரைப்படையில் அதிகாரியானார்.

இங்கே ஃபோர்ட் கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் ஃபிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1936இல் அதைச் செய்தபோது தந்தையின் முகத்தைக் காட்டும் படம் எதுவும் கிடைக்காததால் மகனின் முகச்சாயலைப் பார்த்துச் செய்தார்கள் என்பது இங்கு பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஆகவே பினாங்குக்கு வரும் பயணிகள் தந்தையென்று படம் எடுத்துக்கொண்டு போவது அடிலெய்டுக்காரரை என்றுதான் கொள்ள வேண்டும்.

கலப்பினப் பிறப்பு அவரை எவ்வளவு பாதித்தது என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். ஆங்கிலேய அதிகாரிகளுக்கு நடுவே அது மறைக்கக்கூடிய செய்தியாக இருந்திருக்காது.

மருதுசீமை எழுதியது:

ஒரு கிளைச் செய்தி, ஆனால் நம் பக்கத்து வாசகர்களுக்கு வேண்டியது. லைட்டின் அக்கா சாரா மணந்துகொண்டவர் சென்னைப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் வெல்ஷ். சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாகத் தாமே எழுதிவைத்த அந்த வெல்ஷ்தான். 1801இல் மருதிருவரை எதிர்த்துப் போரிட்ட படையிலும் அவர் இருந்தார். அவர்கள் தூக்கிலிடப்பட்டதைப் பற்றியும் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். 1830இல் வெளிவந்த தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் அவர் தம் கையால் வரைந்த படங்களைச் சேர்த்திருக்கிறார். மச்சான் இருவருமே துப்பாக்கியோடு பென்சிலையும் சுமந்து திரிந்தவர்கள்.

தூரிகை எழுதியது:

மருதுசீமை ஐயா சொன்னதிலிருந்து தொடர்கிறேன். அந்தக் காலத்துப் படை அதிகாரிக்கு ஓவியம் பொழுதுபோக்கு அல்ல, பணிக்கருவி. புகைப்படம் பிறக்காத காலத்தில் ஒரு மலைச்சரிவின் உயரத்தையும், ஆற்றைக் கடக்கக்கூடிய இடத்தையும், கோட்டை மதிலின் அமைப்பையும் தளபதியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு வேறு வழியில்லை. அளவெடுக்க நேரமிருந்தால் அளந்தார்கள். எதிரி பார்த்துக்கொண்டிருந்தால் குதிரை மேலிருந்தே வரைந்தார்கள். மாலுமிகளும் அப்படியே, கடலிலிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரியும் என்பதை நீண்ட கோட்டுப்படமாக வரைந்து வரைபடத்தோடு இணைத்துக்கொள்வார்கள். லைட் தரைப்படை, கடற்படை இரண்டிலும் இருந்தவர் என்பதை மறக்கக்கூடாது. எகிப்தை ஆண்ட முகம்மது அலியின் கடற்படையில் ‘நைல்’ என்னும் நீராவிக் கப்பலுக்குத் தலைவராகவும் இருந்தார்.

போருக்குப் பிறகு அவர் மத்தியதரைக் கடல் பகுதியில் சுற்றித் திரிந்த ஆண்டுகளில் வரைந்தவைதான் இன்று அவருக்கு ஓவியர் என்ற பெயரைத் தருகின்றன. 1823இல் சிசிலிக் காட்சிகள் நூலாக வந்தன. லைட்டின் களக் கோட்டுப்படங்களை வைத்துக்கொண்டு பீட்டர் டி விண்ட் என்னும் தொழில்முறை ஓவியர் முழுமைப்படுத்திய படங்கள் அவை. 1828இல் பாம்பேய்க் காட்சிகள் வெளிவந்தன. சிசிலி நூலில் டி விண்டின் கை எது, லைட்டின் கண் எது என்று பிரிப்பது கடினம். ஆனால் பார்க்கும் இடத்தைத் தேர்ந்துகொள்வது களத்தில் நின்றவருடைய வேலை. நீரும் மேடும் ஊரும் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பது ஒரே பார்வையில் விளங்கும்படி நின்றுகொள்வது பயிற்சியால் வருவது.

அடிலெய்டு தொடங்கிய நாட்களில் அவர் வரைந்த ஒரு காட்சி 1837இல் அச்சுப் படமாக லண்டனில் வெளியாயிற்று. நகரம் அமையவிருக்கும் இடத்துக்கு அருகே கூடாரங்களும் தற்காலிகக் குடிசைகளும் நிற்கின்றன. பெரிய கலைப்படைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நகரமே இல்லாத வெற்றுச் சமவெளியை லண்டனில் பணம் கட்டியவர்கள் நம்பும்படி காட்ட வேண்டிய படம் அது. அந்த வேலையை அடக்கத்தோடு செய்கிறது. என் பார்வையில் அவருடைய மிகச் சிறந்த படம் கடைசிக் காலத்தில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய தன்னுருவப்படம்தான். தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

பழைய சர்வேயர் எழுதியது:

நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த வேலையின் அளவு எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். லைட் நகரத்தை இரண்டு மாதத்தில் அளந்து முடித்தார் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஓர் எண்ணாகத்தான் தெரியும்.

லைட் ‘ரேப்பிட்’ என்னும் சிறு கப்பலில் 1836 ஆகஸ்டில் கங்காரு தீவுக்கு வந்து சேர்ந்தார். கடற்கரையை ஆராய்ந்து, துறைமுகத்துக்கும் நன்னீருக்கும் ஏற்ற இடத்தைத் தேர்ந்து, குடியேறுபவர்கள் வந்து இறங்குவதற்குள் நகரத்தை அளந்து முடிக்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்த்தார்கள். குடியேறிகளோ அளவையர்களைத் தொடர்ந்து சில மாதங்களிலேயே வந்து குவிந்துவிட்டார்கள். போர்ட் லிங்கனைப் போய்ப் பார்த்துவிட்டு அது வேண்டாமென்று திரும்பினார். கடலிலிருந்து பார்க்கும்போது லாஃப்டி மலைத்தொடரில் மேகங்கள் தங்குவதைக் கவனித்து, அந்த மலையடிவாரச் சமவெளிக்கு மழை தவறாது என்று கணக்கிட்டார். மழைமானியும் பதிவேடும் எதுவுமில்லாத இடத்தில் மேகத்தைப் பார்த்தே முடிவு கட்ட வேண்டியிருந்தது. டிசம்பர் கடைசி நாட்களில் இடத்தை உறுதி செய்தார்.

1837 ஜனவரி 11ஆம் நாள் அளவை தொடங்கியது. மார்ச் 10ஆம் நாள் முடிந்தது. ஆற்றுக்குத் தெற்கே 700 மனைகள், வடக்கே 342, மொத்தம் 1,042. ஒவ்வொன்றும் ஒரு ஏக்கர். அங்கே அது கடும் கோடைக்காலம். கருவி, நம் பழைய புல வரைபடங்களுக்கும் அடிப்படையாக இருந்த அதே 66 அடிச் செயின்தான். 100 லிங்க்ஸ் கொண்டது. 10 சதுரச் செயின் ஒரு ஏக்கர். தெருக்களின் அகலத்தைப் பாருங்கள்: 66 அடி, 99 அடி, 132 அடி. அதாவது ஒரு செயின், ஒன்றரைச் செயின், இரண்டு செயின். செயின்மேன் மனக்கணக்காகவே போட்டுக்கொண்டு போகக்கூடிய அகலங்கள். அவசரத்தில் வேலை செய்பவன் எண்களை இப்படித்தான் வைத்துக்கொள்வான்.

ஆனால் வேகத்துக்காக நிலத்தை அவர் மறந்துவிடவில்லை என்பதை வரைபடமே காட்டுகிறது. தெற்குப் பகுதியின் கிழக்கு எல்லை நேர்கோடாகப் போகாமல் படிப்படியாக உள்வாங்குகிறது; நிலம் அங்கே இறங்குகிறது. வடக்குப் பகுதி ஒரே கட்டமாக இல்லாமல் மூன்று துண்டுகளாகத் தனித்தனிக் கோணத்தில் கிடக்கிறது. மேட்டின் முதுகை ஒட்டிச் செல்கிறது. வெறும் கட்டம்தான் வேண்டுமென்றால் ஸ்கேல் வைத்து மேசையிலேயே கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கலாம். இவர் நிலத்தைப் பார்த்துக் கட்டத்தை வளைத்திருக்கிறார். தென்திசை சொல்லும் ஓவியக் கண் என்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் சான்று இதுதான்.

அடுத்து வந்தது ஊரக நிலங்களை அளக்கும் பணி. இங்கேதான் அவர் உடைந்தார். லைட் முக்கோண அளவை முறையில் உறுதியாக நின்றார். தளக்கோடு ஒன்றைத் துல்லியமாக அளந்து, அதிலிருந்து கோணங்களால் வலை விரித்து, அந்த வலைக்குள் புலங்களைப் பொருத்துவது அது. தொடக்கத்தில் மெதுவாகப் போகும்; பிழை தங்காது. நிலத்துக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்துக்கிடந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. கோடு போட்டுக்கொண்டே வேகமாகப் போகும் மேலோட்ட அளவையைச் செய்யும்படி லண்டனிலிருந்த குடியேற்ற ஆணையர்கள் கட்டளை அனுப்பினார்கள். லைட் மறுத்தால் பொறுப்பைத் துணை அளவையர் ஜார்ஜ் கிங்ஸ்டனிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அந்தக் கட்டளையில் இருந்தது. கூடுதல் ஆட்களும் கருவிகளும் கேட்டு வருவதற்காக லண்டனுக்கு அனுப்பப்பட்டிருந்த அதே கிங்ஸ்டன்தான் 1838 ஜூனில் இதைக் கொண்டுவந்தார். லைட் பதவி விலகினார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ எல்லாருமே அவரோடு வெளியேறினார்கள். எந்த மேலதிகாரிக்காகக் கீழே இருப்பவர்கள் இப்படிச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போவார்கள் என்று, துறையில் இருந்தவர்கள் யோசித்துப் பாருங்கள்.

எதிர்க்கரை எழுதியது:

மேலே உள்ள பதிவுகளில் ஒருதலைச் சார்பு தெரிகிறது. கிங்ஸ்டனை வில்லனாக்குவது எளிது. ஆனால் 1836 நவம்பரில் டாரன்ஸ் ஆற்றைக் கண்டு சொன்ன குழுவில் இருந்தவர் கிங்ஸ்டன். லைட் அப்போது துறைமுகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நகரின் இடத்தைக் கண்டுபிடித்த பெருமையில் கிங்ஸ்டனுக்குப் பெரும்பங்கு உண்டு என்று வாதிட்ட வரலாற்றாளர்களும் இருக்கிறார்கள்.

வரைபடத்தைப் பற்றியும் ஒரு சொல். தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும், மக்களின் வசதியையும் நகரின் அழகையும் நலத்தையும் கருத வேண்டும், சதுக்கங்களுக்கும் உலாவுமிடங்களுக்கும் நிலம் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் ஆணையர்கள் எழுத்து மூலம் கொடுத்த அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. கட்ட அமைப்பும் புதியதல்ல. அமெரிக்காவில் சவானா நகரம் 1733இலேயே சதுக்கங்களோடு அமைந்துவிட்டது. நேர்த்தெருக்களைச் சிசிலியின் கட்டானியாவில் பார்த்துக் கற்றார் என்று சிலர் சொல்வதும் ஊகமே. ஆக, லைட்டின் ‘ஓவியக் கண்’ சேர்த்தது என்ன?

தென்திசை எழுதியது:

நியாயமான கேள்வி. கட்டானியா பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். போன ஊரெல்லாம் ஒருவருடைய வரைபடத்தில் வந்து இறங்கும் என்று எழுதுவது வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்கு உள்ள பழைய பலவீனம்.

ஆற்றைக் கண்டுபிடித்ததும் இடத்தைத் தேர்ந்ததும் ஒன்றல்ல என்பதே என் மறுமொழி. கிங்ஸ்டனின் குழு ஆற்றைக் கண்டது உண்மை. ஆனால் துறைமுகத்திலிருந்து ஆறு மைல் உள்ளே, வெள்ளம் ஏறாத மேட்டில், ஆற்றின் இரு கரையிலும் நகரம் அமைய வேண்டும் என்று முடிவு செய்து, அந்த முடிவுக்காக அடிவாங்கியவர் லைட். ஆளுநர் ஹிண்ட்மார்ஷ் மாலுமி. 1836 டிசம்பர் 28ஆம் நாள் வந்திறங்கிய அவர், தலைநகரம் துறைமுகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1837 பிப்ரவரியில் குடியேறிகளின் கூட்டம் கூட்டி வாக்கெடுக்கும் அளவுக்குப் போயிற்று. லைட் தேர்ந்த இடமே வென்றது. ஹிண்ட்மார்ஷ் யார் என்பதையும் கவனியுங்கள். ‘நைல்’ கப்பலை லைட் எகிப்துக்கு ஓட்டிச் சென்றபோது அதே கப்பலில் பயணம் செய்தவர். தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநர் பதவிக்கு லைட்டின் பெயரும் பேசப்பட்டது. முந்திக்கொண்டு அதை வாங்கியவர் ஹிண்ட்மார்ஷ். அந்த மனத்தாங்கலை விலக்கிவிட்டு 1837இன் சண்டையைப் படிக்க முடியாது.

லைட் 1839இல் அடிலெய்டிலேயே அச்சிட்டு வெளியிட்ட சிறு நூலின் முன்னுரையில் இதற்கு அவரே விடை சொல்கிறார்: இந்த இடத்தை நான் ஏன் தேர்ந்தேன் என்பது இப்போது பொதுவாக விளங்கிக்கொள்ளப்படும் என்றோ அமைதியாக மதிப்பிடப்படும் என்றோ நான் எதிர்பார்க்கவில்லை. என் பகைவர்கள் ஒவ்வொரு காரணத்தையும் மறுத்ததன் மூலம் முழுப் பொறுப்பையும் என் தலையில் வைத்து எனக்கு நன்மையே செய்திருக்கிறார்கள். நான் புகழுக்குரியவனா பழிக்குரியவனா என்பதை அவர்கள் அல்ல, பின்னால் வருபவர்கள் தீர்மானிக்கட்டும் என்பது அதன் சாரம். மாண்டிஃபியோர் குன்றில் நிற்கும் அவருடைய சிலையின் பீடத்தில் இந்தச் சொற்களே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அறிவுறுத்தலில் இருந்ததற்கும் தரையில் வந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பழைய சர்வேயர் ஐயா ஏற்கெனவே காட்டிவிட்டார். மூன்று துண்டாக வடக்குப் பகுதி கிடக்க வேண்டும் என்று எந்த ஆணையரும் லண்டனிலிருந்து எழுதவில்லை.

நிலமகள் எழுதியது:

புகழுக்குரியவரா பழிக்குரியவரா என்று கேட்பவர்கள் அந்த நிலத்தின் பழங்குடிகளான கவுர்னா மக்களை விட்டுவிட்டே கேட்கிறீர்கள். அந்தச் சமவெளி வெற்றுச் சமவெளி அல்ல. ஆற்றுக்கு அவர்கள் மொழியில் கரவிர்ரா பரி என்று பெயர். நகரின் நடுச்சதுக்கத்துக்கு இன்று தார்ந்தன்யாங்கா என்ற பெயரும் சேர்த்து அதிகாரபூர்வமாக வழங்கப்படுகிறது. 1836 பிப்ரவரியில் மன்னர் பெயரில் வெளியான அரசாணைப் பத்திரம், அந்த நிலத்தில் பழங்குடி மக்கள் வாழ்ந்து அனுபவிக்கும் உரிமையைப் பாதிக்கக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதற்கு முன்பே, லைட் கப்பலேறுவதற்கும் முன்பே, 437 நில ஆணைகள், அதாவது நிலம் பெறுவதற்கான உரிமைச் சீட்டுகள், லண்டனில் விற்றுத் தீர்ந்துவிட்டன. கண்ணால் பார்க்காத நிலத்தை விற்றுவிட்டு, விற்றதற்குப் பொருந்தும்படி அளந்து கொடுக்க ஒருவரை அனுப்பினார்கள்.

லைட்டின் தனிப்பட்ட குணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். ஆனால் துல்லியமாக அளப்பது என்பது துல்லியமாகப் பறிப்பதும்தான். முக்கோண வலையில் ஓர் அடி பிழை தங்காது என்றால், அந்த ஓர் அடியில் வாழ்ந்தவருக்கும் இடம் தங்காது. தூரிகை அம்மா குறிப்பிட்ட அந்த அச்சுப் படமும் வெறும் காட்சிப் படமல்ல, விற்பனைக்கான படம் என்பதை அவரே சொல்லிவிட்டார்.

பழைய சர்வேயர் எழுதியது:

நிலமகள் அம்மா சொல்வதை மறுக்க மாட்டேன். அளவைக் கல் எந்தப் பக்கம் நடப்பட்டாலும் அது யாரோ ஒருவருக்கு எதிராகத்தான் நடப்படுகிறது என்பது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்களிலும் ரீசர்வே நடந்த காலத்தில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வரைபடத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மூல வரைபடத்தை மையால் தீட்டியவர் லைட்டின் குழுவிலிருந்த ராபர்ட் தாமஸ் என்னும் பதின்பருவ இளைஞர். தலைமை அளவையர் நிலத்தில் நின்று முடிவு சொல்ல, இளைஞர் மேசையில் அதைத் தாளுக்குக் கொண்டுவந்தார். கையெழுத்து யாருடையது என்பதை வைத்துக் கிங்ஸ்டனா லைட்டா என்று வாதிடுபவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மருதுசீமை எழுதியது:

பதவி விலகிய பிறகு அவர் என்ன செய்தார்? தீ விபத்து எப்படி நேர்ந்தது?

தென்திசை எழுதியது:

உடன் விலகிய பி. டி. ஃபின்னிஸ் முதலியோருடன் சேர்ந்து தனியார் அளவை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அடிலெய்டுக்கு வடக்கே உள்ள காலர் நகரத்தின் திட்டம் அவர்களுடையது. 1839 ஜனவரியில் நில அலுவலகமாக இருந்த கூரைக் குடிசையில் பிடித்த தீ, அடுத்திருந்த லைட்டின் குடிசைக்கும் பரவியது. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த நாட்குறிப்புகளும் படங்களும் அதில் போயின. தப்பிய குறிப்புகளைக் கொண்டுதான் அந்தச் சிறு நூலை அச்சிட்டார். ஸ்பெயின், எகிப்து ஆண்டுகளைப் பற்றி நமக்குக் கிடைப்பது குறைவாக இருப்பதற்கும் இந்தத் தீயே பெரும் காரணம்.

அவருடைய பெயர் தாங்கிய லைட் சதுக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறை மேல் முதலில் எழுந்த நினைவுச் சின்னத்தை வடிவமைத்தவர் கிங்ஸ்டன் என்பதை எதிர்க்கரை நண்பர் தம் பக்கத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் கல் சிதைந்துபோனதால் 1905இல் இப்போதுள்ள தூண் நிறுவப்பட்டது. அதன் உச்சியில் வாளோ குதிரையோ இல்லை. கோணங்களை அளக்கும் தியோடலைட் கருவி இருக்கிறது.

தூரிகை எழுதியது:

ஒரு பெயர் இந்த இழையில் வரவேயில்லை, ஆகவே நான் சேர்க்கிறேன். பிரபுக் குடும்பத்துப் பெண்ணான மேரி பென்னட்டை லைட் 1824இல் மணந்தார். சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். ‘ரேப்பிட்’ கப்பலில் அவரோடு அடிலெய்டுக்கு வந்தவர் மரியா காண்டி என்னும் இளம்பெண். மணமாகாமலே அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததால் ஊரின் உயர்குடிகள் அந்த வீட்டுப் படியேறத் தயங்கினார்கள். இருமி இருமிக் கிடந்த கடைசி மாதங்களில் அவரைப் பார்த்துக்கொண்டவர் மரியாதான். லைட் தம்மிடம் மிஞ்சியதையெல்லாம் அவருக்கே எழுதிவைத்தார். தாம் வளர்ந்த ஊரின் நினைவாக லைட் பெயரிட்ட அவருடைய நிலம் இன்று தீபர்ட்டன் என்னும் புறநகர்ப் பகுதியாக இருக்கிறது. மரியா 1840இல் மருத்துவர் ஜார்ஜ் மேயோவை மணந்து நான்கு பிள்ளைகளுக்குத் தாயானார். 1847இல் அவரும் காசநோயாலேயே இறந்தார்.